முதலில் வெடி, பிறகு நெத்திலி

1

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கழக்கூட்டத்து பிளாட்டை நாங்கள் காலி செய்துவிட்டோம். லிப்ட், கார் நிறுத்த இடம், பால்கனியில் சாயங்காலக் காற்று எல்லாம் போயிற்று. எடுத்த எடுப்பில் ஏன் இப்படிப் போட்டு உடைக்கிறாள் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது, வருகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வான். நேற்றும் செய்தான். "ஏளா செல்வி, அந்த நாயத் தொலைச்சியா இல்லியா?" கொஞ்ச காலமாக நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைத்தான் விசாரிக்கிறான். சித்தி கேட்டாள், மதினி கேட்டாள், என்னோடு படித்தவள் கேட்டாள் என்று ஒரு கூட்டத்தையே துணைக்கு இழுக்கிறான். ஆளுக்கு ஆள் போனில் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு என்னவோ கடல் கடந்து போனவள் மாதிரி எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். பாஸ்போர்ட் வேண்டாத ஊர்தான், நாகர்கோவில் தாண்டினால் வந்துவிடும் ஊர்தான். ஆனால் கல்யாணமாகி வந்த புதிதில் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றவள் நான். இன்று என் மகள் கயல்விழி பத்தாவது படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்கிறாள். அதட்டினால் தமிழுக்கு வருவாள், அதுவும் மலையாள ராகத்தில். பெற்ற பிள்ளை வேறு மொழியில் தூக்கத்தில் உளறுகிற ஊரை வெளியூர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்ல?

2

நாயின் பெயர் துரை. பெயரைக் கேட்டு எதையாவது கற்பனை செய்துகொள்ளாதீர்கள். செவலை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும் தெரு ஜாதி.

என் வீட்டுக்காரர் ஆறுமுகத்துக்குச் சாலை பஜாரில் பருப்பு மொத்தக் கடை. அவருடைய தாத்தா காலத்தில் வந்து உட்கார்ந்த குடும்பம். கடைக்கு அடுத்தது ஒரு இரும்புக் கடை. லாரியிலிருந்து தகரத்தையும் கம்பியையும் அவர்கள் தள்ளிவிடுகிற சத்தத்தில் நமக்கே நெஞ்சு அதிரும். அப்படி ஒரு நாள் தள்ளிவிட்டபோது, எங்கள் துவரம்பருப்பு மூட்டைகளுக்கு அடியில் ஏதோ கீச்சென்றது. மூட்டையை நகர்த்தினால், கண் திறந்து கொஞ்ச நாளே ஆன ஒரு குட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. தாய் அன்று வரவில்லை. அவர் அதைக் காலி சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கழக்கூட்டத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

வளர வளரத்தான் தெரிந்தது, துரை பயப்படாத சத்தமே உலகத்தில் இல்லை என்று. குக்கர் விசில், மிக்ஸி, தட்டு விழுவது, ஹைவேயில் போகும் பஸ்ஸின் ஏர் ஹாரன், லாட்டரி விற்றுக்கொண்டு வரும் ஆட்டோவின் மைக். எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்துக் கோயிலின் வெடி வழிபாடு. நம் பக்கத்தில் அர்ச்சனைக்குச் சீட்டு வாங்குவது போல இங்கே வெடிக்குச் சீட்டு வாங்குவார்கள். உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் மைக்கில் வாசித்துவிட்டு, கதினா என்கிற இரும்புக் குழலில் மருந்து கெட்டித்து டொம்மென்று வெடிப்பார்கள். சாமிக்குக் கேட்கும், நமக்குக் கேட்கும், துரைக்குக் குலை நடுங்கும். மைக்கில் குரல் வந்தாலே போதும், கட்டிலுக்கு அடியில் போய் மூலையை நகத்தால் பிறாண்டுவான்.

ஒரு வருஷம் கோயில் உற்சவத்தில் வெடி தொடர்ந்து வெடித்தபோது, மாடிப்படியில் கயலின் கையிலிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினான். எதிரே வந்துகொண்டிருந்தவர் எங்கள் ரெசிடென்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி சுகுமாரன் சார். அவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. துரை யாரையும் கடிக்கவில்லை. ஆனால் விழுந்தவர் செக்ரட்டரி ஆயிற்றே.

கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன், மருந்துச் செலவு எங்களுடையது என்றேன். அதோடு முடிந்திருக்கும். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பாண்டிகள் வந்நா இங்ஙனெயா." பாண்டி என்பது இங்கே தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற வார்த்தை. பாண்டிகள் வந்தால் இப்படித்தானாம். எனக்குக் கோபம் வந்தால் மலையாளம் போய்விடும். வாயைத் திறந்தேன், சுத்தமான திருநெல்வேலித் தமிழ் வந்தது, ஒருவருக்கும் புரியவில்லை, ரெண்டு பேர் சிரித்தார்கள்.

அப்போது கயல் எழுந்து நின்றாள். அவர்களுடைய மொழியில், அவர்களுடைய ராகத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல் பேசினாள். நாய் பயந்தது எங்கள் தவறுதான், அதைச் சரிசெய்வோம், ஆனால் இப்போது என் அம்மாவைச் சொன்ன வார்த்தையை யார் சரிசெய்வார்கள் என்று கேட்டாள். இந்தப் பிள்ளை என்னை விட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். அந்தப் பக்கம் போனதால்தான் அன்று எனக்காகச் சண்டை போட அவளால் முடிந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, ரெண்டும் உண்மை.

சுகுமாரன் சார் தீர்ப்பு சொன்னார். அடுத்த உற்சவம் வரை பார்ப்பார்கள். அப்போதும் நாய் சத்தத்துக்கு ரகளை செய்தால், வளைகுடாவில் இருக்கும் எங்கள் வீட்டு ஓனருக்குப் போன் போகும். நாய் போக வேண்டும், இல்லையென்றால் நாங்கள் போக வேண்டும்.

3

முதல் வேலையாகத் துரைக்கு லைசென்ஸ் எடுத்தோம். நாளைக்கு ஒருவன் தெருநாய் என்று சொல்லிவிடக் கூடாதே. தடுப்பூசிச் சான்று கேட்டார்கள், கொடுத்தோம். ரேஷன் கார்டில் சாலை பஜார் விலாசம், வாடகை ஒப்பந்தத்தில் கழக்கூட்டம், நாய் எங்கே வசிக்கிறது என்று கேட்டார்கள். சொன்னோம். இன்ன இனம் என்ற இடத்தில் கவுன்டரில் இருந்தவர் "நாடன்" என்று எழுதினார். இந்த நாட்டுக்காரன் என்று பொருள். இத்தனை வருஷமாக எனக்குக் கிடைக்காத பட்டம் அவனுக்கு ஒரே நாளில் கிடைத்தது.

அடுத்தது டாக்டர். மிருக ஆஸ்பத்திரியில் சின்னப் பெண்ணாக ஒரு டாக்டர் இருந்தார். துரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எனக்காகத் தமிழை வளைத்துப் பேசினார். "சேச்சி, அசுகம் ஒண்ணும் இல்ல. இதுக்கு பேடியாணு." பேடி என்றால் இங்கே பயம். நம் பக்கம் ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால் வெட்டுக்குத்து நடக்கும். துரை ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

அவர் சொன்ன வைத்தியம் இதுதான். அவன் பயப்படுகிற சத்தங்களைப் போனில் பதிவு செய்ய வேண்டும். நமக்கே கேட்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெதுவாக வைக்க வேண்டும். "காது அசையலாம் சேச்சி, உடம்பு விறைக்கக் கூடாது." சத்தத்தோடு சேர்த்து அவனுக்கு ரொம்பப் பிடித்த தீனி கொடுக்க வேண்டும். பழகப் பழகச் சத்தத்தை ஒரு பொட்டு கூட்ட வேண்டும். அவன் பயந்துவிட்டால் அது அவன் தப்பில்லை, நாம் அவசரப்பட்டுவிட்டோம், பின்வாங்க வேண்டும். அதட்டவே கூடாது.

கயல் ஊரெல்லாம் சுற்றிச் சத்தம் பிடித்துக்கொண்டு வந்தாள். லாட்டரி ஆட்டோவுக்குப் பின்னால் போனை நீட்டிக்கொண்டு நடந்தவளைப் பார்த்து, டிரைவர் நிறுத்தி டிக்கெட் வேண்டுமா என்று கேட்டாராம்.

4

தப்பு செய்தது நான்தான், ஆனால் என் தனித் தப்பு என்று சொல்ல மாட்டேன். நம் ஆட்கள் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

நம் வீடுகளில் வெறும் வயிற்றில் இருப்பவரிடம் கெட்டதைச் சொல்வோமா? பரீட்சையில் போயிற்றா, சம்பந்தம் தட்டிப்போயிற்றா, யாராவது கண்ணை மூடிவிட்டார்களா, எதுவானாலும் "முதல்ல ரெண்டு வாய் சாப்பிடு" என்றுதான் ஆரம்பிப்போம். அந்தக் கையோடு நானும் துரைக்கு முதலில் நெய்ச்சோற்று உருண்டையை ஊட்டினேன். நல்லாச் சாப்பிட்டான். அப்புறம் போனில் குக்கர் விசிலை வைத்தேன். பாவம், வயிறு நிறைந்திருந்தால் தாங்கிக்கொள்வான் என்று நினைப்பு. தினமும் இதேபோல உருண்டை, விசில், உருண்டை, விசில்.

கொஞ்ச நாளில் துரை நெய்ச்சோற்றைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போனான். பிறகு வெறும் சோற்றுக்கும் போனான். தட்டை நான் கையில் எடுத்ததும் வால் கால்களுக்கு நடுவே போய்விடும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பயத்தைப் போக்கப் போய் அவன் சாப்பாட்டையே கெடுத்துவிட்டேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். கேட்டுவிட்டு, "அய்யோ சேச்சி, மறிச்சாணு செய்தது" என்றார். தலைகீழாகச் செய்துவிட்டேனாம். "சத்தம் முதல்ல வரணும். சாப்பாடு அது பின்னாலே வரணும். சத்தம் கேட்டா நல்லது வரும்னு அவன் நினைக்கணும். நீங்க, சாப்பாடு வந்தா சத்தம் வரும்னு பழக்கி வெச்சிருக்கீங்க."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் எனக்கு அது தெரியும். எனக்கே அப்படித்தான் பழகியிருக்கிறது.

கல்யாணமாகி வந்த வருஷம். சாலைத் தெருவில் மாமனார் வீட்டில் இருந்தோம். ஒரு காலையில் வீட்டுக்காரர் கடைக்குப் போகாமல் வந்து, இலையைப் போட்டு, "நீ சாப்பிடு, பின்னே பேசலாம்" என்றார். சூடாக இட்லி. நான் சாப்பிடுவதை எல்லோரும் நின்று பார்த்தார்கள். இன்னொன்று வை என்றார் மாமனார். கை கழுவி வந்த பிறகு சொன்னார்கள், பாளையங்கோட்டையில் அப்பா போய்விட்டார் என்று. பஸ்ஸில் ஊர் வருகிறவரை அந்த இட்லி என் நெஞ்சிலேயே நின்றது. அவர் கண் மூடிய பிறகு நான் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன், சட்னி கேட்டு வாங்கியிருக்கிறேன். அன்பால்தான் செய்தார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து, யாராவது காரணமில்லாமல் சாப்பிடு சாப்பிடு என்று வற்புறுத்தினால் என் கை சில்லிட்டுப்போகும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட.

அன்று சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் நானும் தலையை நீட்டிப் படுத்துக்கொண்டு துரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவனை விடப்போவதில்லை என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

5

நெய்ச்சோற்றைப் பார்த்தாலே பயம் என்று ஆகிவிட்டதால் புதுத் தீனி வேண்டியிருந்தது. எதிர் வீட்டு ஷைலஜா சேச்சி கருவாட்டு நெத்திலியை ஊறவைத்து உப்பை எடுத்து, மொறுமொறுவென்று வறுத்துத் தந்தார். நாங்களோ தலைமுறை தலைமுறையாக முட்டைகூடத் தொடாத சைவம். வீட்டுக்காரர் டப்பாவைப் பார்த்துவிட்டு, "இது அகத்து வேண்டாம், வெளியே இருந்தா மதி" என்றார். டப்பா வாசலில் செருப்பு ஸ்டாண்டில் குடியேறியது. ஒரு வாரம் மூக்கைப் பொத்தினார். அப்புறம் நான் ஆபீசிலிருந்து வரத் தாமதமான ஒரு நாள், அவரே விசில் வைத்து, அவரே நெத்திலி எடுத்துக் கொடுத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இந்த முறை வரிசை மாறவில்லை. முதலில் விசில், கேட்டும் கேட்காமலும். பிறகு நெத்திலி. மழைக்காலம் முடிவதற்குள் நிஜக் குக்கர் விசில் அடித்தால் துரை அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்து, கூலி கேட்பவன் மாதிரி என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். மிக்ஸி வசப்பட்டது. ஏர் ஹாரன் வசப்பட்டது. லாட்டரி மைக்குக்கு நாக்கை நக்கினான்.

வெடிதான் வசப்படவில்லை. போனில் வருகிற வெடிக்கு ஒன்றும் செய்யமாட்டான், நிஜ வெடிக்கு ஓடுவான். நிஜ வெடி காதில் மட்டுமா கேட்கிறது, தரை வழியாகப் பாதத்தில் ஏறுகிறது. அது போனில் வராது. தூரத்திலிருந்து பழக்குங்கள் என்றார் டாக்டர். ஆனால் எவன் எப்போது சீட்டு வாங்குவான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கயல்தான் சொன்னாள். "அம்மே, நம்மளே வெடி வாங்கலாமே."

அன்றிலிருந்து எங்கள் வீட்டு வெடி வழிபாடு தொடங்கியது. கயலும் துரையும் நெத்திலி டப்பாவோடு கோயில் குளத்துக்கு அந்தப் பக்கம், தெருக்கோடியில் நிற்பார்கள். வீட்டுக்காரர் கவுன்டருக்குப் போவார். பெயர் கேட்டார்கள், துரை என்றார். நட்சத்திரம் கேட்டார்கள், அவர் விழித்தார். போனில் என்னைக் கேட்டார். சாக்கில் சுற்றி வந்த நாளைக் காலண்டரில் தேடி, பரணி என்றேன். மைக் முழங்கியது. "துரை, பரணி நட்சத்திரம், செறிய வெடி ஒண்ணு." சின்ன வெடிதான். டொம். நெத்திலி.

வாரம் போகப் போகக் குளத்தைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். கோயிலுக்குத் துரையைத் தெரிந்துவிட்டது, பெயரளவில். ஒரு நாள் லிப்டில் சுகுமாரன் சார் குரலைத் தாழ்த்தி, யார் அந்தத் துரை, உடம்பு ரொம்ப மோசமா என்று விசாரித்தார். "எங்க வீட்டுல ஒரு ஆள் சார். இப்ப தேவலை" என்றேன். பிரார்த்திப்பதாகச் சொன்னார். பொய் சொல்லவில்லை நான்.

6

உற்சவம் வந்தது. கொடியேற்றத்தன்று கீழே வாசலில் பாதி பிளாட் நின்றது. சுகுமாரன் சாரும் நின்றார். கயல் துரையோடு படியிறங்கி வந்து, எல்லோருக்கும் நடுவில் நின்றாள். கயிறு தளர்வாகத் தொங்கியது.

வெடி தொடங்கியது. முதல் வெடிக்குத் துரையின் நிமிர்ந்த காது அசைந்தது. உடம்பு அசையவில்லை. தலையைத் திருப்பிக் கயலின் கையைப் பார்த்தான். கொடுத்தாள். அடுத்த வெடி. மறுபடி கையைப் பார்த்தான். கடைசியில் வெடிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வெடித்தபோது, பக்கத்து வீட்டுக் குழந்தை அலறியது, ரெண்டு கார்கள் தானாகக் கத்தின, துரை உட்கார்ந்து வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தான். ஷைலஜா சேச்சி கை தட்டினார். சுகுமாரன் சார் உள்ளே போனார்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

உற்சவம் முடிந்த வாரம், வீட்டுக்காரர் கடையை மத்தியானமே அடைத்துவிட்டு வந்தார். கையில் ஓட்டல் பார்சல். எனக்குப் பிடித்த நெய்ரோஸ்ட், உளுந்துவடை. அவரே தட்டை எடுத்து வைத்தார், அவரே பிரித்து வைத்தார், தண்ணீர் எடுத்து வைத்தார். "வா செல்வி, ஆறிப்போகும். நீ முதல்ல சாப்பிடு."

என் கை சில்லிட்டது. தட்டைத் தள்ளி வைத்தேன்.

"மொதல்ல சொல்லுங்க. சொன்னாத்தான் சாப்பிடுவேன்."

"அதொண்ணும் சாரமில்ல, சாப்பிட்டுட்டு..."

"எனக்கு இப்பவே தெரியணும். எங்க அப்பா செத்ததுக்குச் சட்னி கேட்டு வாங்கித் தின்னவ நான். இனிமே எந்தச் சேதியும் எனக்குச் சோத்துக்கு மொதல்ல வரணும்."

இத்தனை வருஷத்தில் இதை அவரிடம் நான் சொன்னதில்லை. அவர் பார்சலை ஓரமாக நகர்த்திவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். பிறகு சொன்னார். அசோசியேஷன் சொல்லி ஓனர் போன் செய்தாராம். நாய் இப்போது ரகளை செய்வதில்லை என்று சொல்லியும் கேட்கவில்லையாம். அசோசியேஷனோடு தனக்குத் தலைவலி வேண்டாம், நாயை அனுப்பினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பேன், இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள் என்றாராம்.

அப்படியென்றால் சத்தம் ஒரு சாக்குத்தான். துரை மூச்சு விடாமல் இருந்தாலும் அவர்களுக்கு உறுத்தியிருக்கும். நாங்களும் உறுத்தியிருப்போம். அழுகை வருமென்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதுவும் தெளிவாக வந்தது.

"சரி. வேற வீடு பாப்போம்" என்றேன். "இந்த ஊர்லயேதான் பாப்போம். ஊருக்கும் ஓடப்போறதில்ல, அவனையும் விடப்போறதில்ல."

"மதி" என்றார் அவர். போதும் என்று பொருள். அதில் என்னைவிட அவருக்குத்தான் நிம்மதி.

தட்டை இழுத்துக்கொண்டேன். நெய்ரோஸ்ட் ஆறித்தான் போயிருந்தது. இன்னொரு வடை கேட்டு வாங்கினேன். நன்றாக இருந்தது.

7

நாயோடு போனால் வீடு யார் கொடுப்பார்கள்? கழக்கூட்டத்திலிருந்து பேட்டை வரை அலைந்தோம். தமிழ் என்றதும் யோசித்தவர்கள் உண்டு, நாய் என்றதும் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. கடைசியில் கிடைத்த வீடு அதே கோயிலின் பின்பக்கம், வெடி வைக்கிற ஷெட்டுக்குச் சுவரோடு சுவர். ரொம்ப நாளாக யாரும் வராமல் பூட்டிக் கிடந்தது. சத்தம் தாங்காது, குடி வந்தவர்கள் நிற்பதில்லை என்று வீட்டு ஓனரம்மாவே எங்களை எச்சரித்தார். நாய் இருக்கிறதே என்று நாங்கள் தயங்கிச் சொன்னதும், "பாவம், அது எப்படித் தாங்கும்?" என்று கேட்டார். கயலால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜன்னல் கண்ணாடி அதிரும். பரணில் பாத்திரம் உருளும். எனக்கு இன்னும் திடுக்கிடத்தான் செய்கிறது. மைக்கில் யாருடைய பெயராவது கேட்டதும் துரை எழுந்து, சோம்பல் முறித்து, செருப்பு ஸ்டாண்டு பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறான். கயல் "வாடா குட்டா" என்று மலையாளத்தில் கொஞ்சுகிறாள், நான் "ஏலே துரை" என்று கூப்பிடுகிறேன், அவனுக்கு ரெண்டும் ஒன்றுதான்.

நேற்று அண்ணன் கேட்டபோது இந்தப் பக்கம் டொம்மென்று வெடித்தது. "ஏளா, என்னது அது, குண்டா?" என்று பதறினான். வீடு மாறின கதையை மொத்தமாகச் சொன்னேன். "ஒரு நாய்க்காகப் போயி அப்படிப்பட்ட வீட்டை விட்டியா?" என்றான். ஆமாம் என்றேன். வேறு விளக்கம் வைத்துக்கொள்ளவில்லை.

லீவுக்குப் பிள்ளைகளோடு வருகிறானாம். நீங்களும் யார் வேண்டுமானாலும் வாருங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வெடித்தாலும் வெடிக்கும், ஓடிவிடாதீர்கள். ஊர்க் கதையில் கெட்டது இருந்தால் அங்கேயே நின்று சொல்லிவிடுங்கள். அதற்கு அப்புறம் உள்ளே வாருங்கள், சாப்பாடு போடுகிறேன்.